அந்த பில்லைக் கிழிக்காதீங்க

"பில் தப்பா இருக்குதுங்க. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற ஒண்ணு அனுப்பிடுங்க."

கோயம்புத்தூரில் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்குப் பார்க்கும் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு மாதத்தைக் கடந்திருக்க முடியாது. வாங்கும் கம்பெனியின் ஸ்டோரிலிருந்து போன் வரும். பட்டறைக்காரர் "சரிங்க சார்" என்பார். கம்ப்யூட்டரில் அந்த பில்லைத் திறந்து, விலையை மட்டும் மாற்றி, அதே நம்பர், அதே தேதியில் இன்னொரு பிரின்ட் எடுத்து அனுப்பிவிடுவார். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். சில மாதம் கழித்து அந்த பில் என் மேஜைக்கு வரும்போது ஒரே நம்பரில் இரண்டு தொகை இருக்கும். எது சரியானது என்று சொல்ல ஆள் இருக்காது.

கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் இருக்கும் பட்டறைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். லேத் வேலை, வார்ப்பு, பம்ப்செட் உதிரி பாகம். பெரும்பாலும் அண்ணன் தம்பியோ கணவன் மனைவியோ சேர்ந்து நடத்துவது. அளவில் மயிரிழை விலகினாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரக்கை வெளியே விடுவார்கள். பில் மட்டும் கடைசியில், வண்டி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போது அவசரமாகப் போடப்படும். பிழை அங்கேதான் விழுகிறது. கை இருக்கிற இடத்தில் பிழையும் இருக்கும். அதைத் திருத்துகிற விதம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

பில் என்பது நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு பக்கம் என்று நினைத்தால் எல்லாம் தப்பாகப் போகும். அனுப்பிய நிமிடத்திலிருந்து அது இரண்டு பேர் கணக்கில் இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி வந்த பிறகு மூன்றாவதாக ஓர் இடத்திலும் இருக்கிறது: அரசாங்கத்தின் போர்ட்டலில். மாதா மாதம் கணக்குக் கொடுப்பவர் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்கிற விற்பனை அறிக்கையில் தன் பில்களை ஏற்றுகிறார். 14-ஆம் தேதி அது வாங்கியவரின் 2பி-யில், அதாவது அவர் வாங்கிய பில்களின் போர்ட்டல் பட்டியலில், போய் விழுகிறது. 20-ஆம் தேதிக்குள் அவர் 3பி என்கிற மாத வரி அறிக்கையைக் கொடுத்து வரி கட்டும்போது, நமக்குக் கொடுத்த அந்த வரியைத் தன் இன்புட்டாகக் கழித்துக்கொள்கிறார். 2022 ஜனவரி 1 முதல் 2பி-யில் தெரியாத பில்லுக்கு இன்புட் கிடையாது. ஆகவே நாம் இங்கே ஓசைப்படாமல் மாற்றும் ஓர் எண், இன்னொருவர் ஏற்கெனவே கழித்துவிட்ட வரியை மாற்றுகிறது. அவருக்குத் தெரியாமலேயே.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் கொடுக்கும் சின்னவர்களுக்கு, அதாவது வருஷ விற்பனை 5 கோடிக்குள் இருந்து அந்த முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, இன்னொரு சங்கடமும் உண்டு. இடைப்பட்ட இரண்டு மாத பில்களை 13-ஆம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப் என்கிற வசதியில் ஏற்றாவிட்டால், காலாண்டு முடியும்வரை வாங்கியவருக்கு இன்புட் தெரியாது. "உங்க பில்லே வரலை" என்று போன் வந்தால் பாதி நேரம் பில்லில் பிழையே இருக்காது, ஏற்றியிருக்க மாட்டார்கள். முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பிழைகளில் எனக்கு மிகவும் பயம் தருவது ஜி.எஸ்.டி எண் தவறுவது. 15 இடங்கள் கொண்ட எண் அது. முதல் இரண்டும் மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். 13-ஆவது, அதே பானில் அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. 14-ஆவது வழக்கமாக இசட். கடைசி ஒன்று, முன்னால் உள்ளவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சோதனைக் குறி. அந்தக் கடைசி எழுத்து இருப்பதால், தட்டும்போது ஓர் இடம் மாறிப்போனால் போர்ட்டல் பெரும்பாலும் ஏற்காது. அதனால் தட்டச்சுப் பிழையைவிட ஆள் மாறும் பிழைதான் ஆபத்து. பெயரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டியதும் பட்டியல் விழும். அதில் மேலே இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். எண் செல்லுபடியாகும் எண்தான். ஆனால் வேறு ஆளுடையது.

நம் ஊரில் இதற்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். அப்பா பெயரில் தனி உரிமையாளராக நடந்த பட்டறையை மகன்கள் கூட்டாண்மையாக மாற்றுவார்கள். போர்டில் பெயர் மாறாது. போன் நம்பர் மாறாது. இடமும் அதேதான். ஆனால் பான் மாறிவிட்டது: நான்காவது எழுத்து தனி ஆளுக்குரிய பி-யிலிருந்து கூட்டு நிறுவனத்துக்குரிய எஃப் ஆகியிருக்கும். அதோடு ஜி.எஸ்.டி எண்ணும் மாறிவிட்டது. அவர்களிடம் சரக்கு வாங்குகிற, விற்கிற எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் பழைய எண்ணே தூங்கிக்கொண்டிருக்கும். அண்ணன் தம்பி பிரிந்து, இரண்டு பேரும் அதே குலதெய்வத்தின் பெயரில் எதிரெதிரே கடை போட்டால் இன்னும் மோசம். நான் பார்த்த ஒரு பட்டறையில் அண்ணனுக்குப் போக வேண்டிய பில்கள் பல மாதம் தம்பியின் எண்ணில் ஏறியிருந்தன. தம்பி பக்கத்துக் கணக்காளர் 2பி-யில் தெரிந்ததை எல்லாம் அப்படியே இன்புட் எடுத்திருந்தார். அண்ணனுக்கு ஒரு பைசா வரவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் இல்லை. வரிப் பிழையோடு ஒரு குடும்பச் சண்டையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரிப் பிழைக்குப் போர்ட்டலில் வழி இருக்கிறது. அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் 9ஏ அட்டவணையில் அந்த பில்லைக் கூப்பிட்டு எண்ணை மாற்றலாம். தவறான ஆளின் 2பி-யில் அது கழிந்து, சரியான ஆளுக்குப் போகும். 2024-ல் ஜி.எஸ்.டி.ஆர்-1ஏ என்று ஒன்று வந்தது. 1-ஐக் கொடுத்த பிறகு, அதே மாத 3பி கொடுப்பதற்கு முன், விட்டுப்போன பில்லைச் சேர்க்கலாம், தொகையைத் திருத்தலாம். ஆனால் வாங்குபவரின் ஜி.எஸ்.டி எண்ணை அதில் மாற்ற முடியாது. அதற்கு அடுத்த மாதம்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பலர் 1ஏ-வில் முட்டி மோதிவிட்டு "போர்ட்டல் வேலை செய்யலை" என்கிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு முறை இப்படித் திருத்திய பில்லைத் திரும்பத் திருத்த அங்கே வழியில்லை. ஆகவே திருத்தும்போது அவசரம் கூடாது.

விலையிலும் எண்ணிக்கையிலும் வரும் பிழைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். ஆர்டரில் ஒரு வார்ப்பு 800 ரூபாய். பில் போட்டவர் போன ஆர்டரின் விலையான 840-ஐப் போட்டுவிட்டார். 100 வார்ப்பு. பில்லில் மதிப்பு 84,000, வரி 18 சதவீதம் 15,120, ஆக மொத்தம் 99,120. இருந்திருக்க வேண்டியது 80,000, வரி 14,400, மொத்தம் 94,400. வாங்கிய கம்பெனி என்ன செய்யும்? பில்லை அப்படியே பதிந்துகொண்டு 94,400 மட்டும் அனுப்பும். பட்டறைக்காரர், சரியான பணம்தானே வந்தது என்று விட்டுவிடுவார். அவர் லெட்ஜரில் 4,720 நிலுவையாகத் தொங்கும். அதில் 720 ரூபாய் அவர் கைக்காசிலிருந்து அரசாங்கத்துக்குப் போன வரி. ஒரு பில்லுக்கு 720. ஒரு வருஷத்தில் இப்படி எத்தனை பில் தொங்குகிறது என்று எடுத்துப் பார்த்தால் சிலருக்குத் தூக்கம் வராது.

இதற்கான சரியான மருந்து கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்து விற்றவர் கொடுக்கும் சீட்டு. ஜி.எஸ்.டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது. பில்லில் மதிப்போ வரியோ கூடிப்போயிருந்தால், சரக்கு திரும்பி வந்தால், சரக்கில் குறை இருந்தால், விற்றவர் கிரெடிட் நோட் போட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 4,000 மதிப்பு, 720 வரி, எந்த பில்லுக்கானது என்ற குறிப்பு. பழைய பில் அப்படியே கிடக்கும். அதன் பக்கத்தில் இது உட்காரும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவருக்கும் என்ன நடந்தது என்று புரியும். 2019 பிப்ரவரி முதல் பல பில்களுக்குச் சேர்த்து ஒரே கிரெடிட் நோட் போடவும் அனுமதி உண்டு என்பதால், மாதக் கடைசியில் ஒரு பார்ட்டிக்கு ஒன்று என்று போட்டுவிடலாம். தொகை குறைவாகப் போட்டுவிட்டால் எதிர்த்திசையில் டெபிட் நோட். அதுவும் விற்றவர் போடுவதுதான்.

இங்கேதான் நம் ஊர் வழக்கமும் சட்டமும் இடிக்கின்றன. நம் வழக்கத்தில் வாங்கியவர்தான் டெபிட் நோட் அனுப்புவார். "12 பீஸ் ரிஜெக்ட், டெபிட் பண்ணிட்டோம்" என்று ஒரு தாள் வரும். பெரிய கம்பெனியின் லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். பட்டறைக்காரர் அதை ஃபைலில் குத்தி வைத்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று நினைப்பார். அந்தத் தாள் அவர்கள் கணக்குக்கு ஆதாரம், அவ்வளவுதான். அதை வைத்து நம் வரியில் ஒரு ரூபாயும் குறையாது. நாம் கிரெடிட் நோட் போட்டு நம் ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் ஏற்றினால்தான் குறையும். இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்கியவரின் டெபிட் நோட் வந்தால் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு டி.சி-யோடு (டெலிவரி சலான்) திரும்பி வந்ததா, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். சரி என்றால் அன்றைக்கே கிரெடிட் நோட் போடுங்கள். சரியில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு போன். 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் ஐ.எம்.எஸ் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. நாம் ஏற்றும் ஒவ்வொரு பில்லையும் கிரெடிட் நோட்டையும் வாங்கியவர் ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். நம் கிரெடிட் நோட்டை அவர் நிராகரித்துவிட்டால் குறைந்த வரி திரும்பவும் நம் தலையில் ஏறும். 2025-ல் சட்டத்தையே திருத்தி, வாங்கியவர் தான் எடுத்த இன்புட்டைத் திருப்பினால்தான் விற்றவருக்கு வரி குறையும் என்று சேர்த்துவிட்டார்கள். ஆகவே எதிர்ப் பக்கத்துக் கணக்காளர் யார், அவர் போன் நம்பர் என்ன என்பது இப்போது கணக்கு வேலையின் ஒரு பகுதி. என்னிடம் ஒவ்வொரு பார்ட்டிக்கும் அந்தப் பெயர் எழுதிய பட்டியல் உண்டு. "அக்கா, 4,720-க்கு ஒரு கிரெடிட் நோட் வரும், பார்த்து அக்செப்ட் பண்ணிக்கங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பிற்பாடு பத்து மெயில் மிச்சம்.

அப்படியானால் பில்லை ரத்து செய்வதே கூடாதா? கூடும். சரக்கு கிளம்பவில்லை, எதிர் ஆள் பதியவில்லை, போர்ட்டலில் ஏற்றவில்லை என்றால் தாராளமாக ரத்து செய்யலாம். ஆனால் ரத்து வேறு, கிழிப்பது வேறு. பில் புக் வைத்திருந்த பழைய ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. குறுக்கே ஒரு கோடு, "கேன்சல்" என்று ஒரு சொல், ஒரு கையெழுத்து. வாங்குபவர் நகல், வண்டி நகல், நம் நகல் மூன்றையும் சேர்த்துப் புக்கிலேயே பின் அடித்து விடுவார்கள். கம்ப்யூட்டரிலும் அதைத்தான் செய்ய வேண்டும். பில் நம்பர் வருஷத்துக்குள் விட்டுப்போகாத வரிசையாக இருக்க வேண்டும், 16 இடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஜி.எஸ்.டி-யின் 46-ஆம் விதி சொல்கிறது. ஜி.எஸ்.டி.ஆர்-1-ன் 13-ஆவது அட்டவணையில் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர்வரை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று கேட்கிறார்கள். டாலி சாஃப்ட்வேரில் டெலீட் அடித்தால் அந்த நம்பர் ஓட்டையாக நிற்கும், அல்லது வேறொரு பில் வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டுமே பிற்பாடு பதில் சொல்ல வேண்டிய விஷயம். கேன்சல் அடித்தால் நம்பர் இருக்கும், தொகை பூஜ்யம். ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். ரத்தான பில்லும் அதில் சேர்த்தி.

பழைய பில்லை ரத்து செய்யாமல் புது நம்பரில் இன்னொன்று போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அது இன்னும் கெடுதல். ஸ்டோரில் இருப்பவர் முதல் பில்லைப் பதிந்திருப்பார், அக்கவுன்ட்ஸில் இருப்பவர் இரண்டாவதைப் பதிவார். ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு இன்புட். சரக்கே போகாத பில் என்று ஒரு அதிகாரி எழுதினால், அது வெறும் கைத்தவறு என்று நிரூபிக்கும் வேலை நம்முடையது.

விற்பனை 5 கோடியைத் தாண்டிய பட்டறைகளுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது ஒவ்வொரு பில்லையும் அரசாங்கப் போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயம். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களோடு தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. அங்கே விதி ரொம்பத் தெளிவு. ஐ.ஆர்.என் என்கிற அந்த எண்ணை வாங்கிய பிறகு அந்த பில்லில் ஒரு எழுத்தையும் அந்த போர்ட்டலில் மாற்ற முடியாது. 24 மணி நேரத்துக்குள் முழுசாக ரத்து செய்யலாம். ரத்து செய்த நம்பரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் கடந்தால் கிரெடிட் நோட்தான். சனிக்கிழமை மாலை போட்ட பில்லை திங்கள்கிழமை காலையில் பார்ப்பது என்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

பாலக்காடு நமக்குப் பக்கத்து ஊர், ஆனால் வேறு மாநிலம். வாளையாற்றைத் தாண்டினால் 33 போய் 32 ஆகிவிடும். உள்ளூர் வரியான சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டி போய், வெளி மாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி வரும். இதில் நேர்ப் பிழைகள் குறைவு. சுற்றி வருகிற பிழைதான் கஷ்டம். பாலக்காட்டு வியாபாரி ஆர்டர் கொடுப்பார், சரக்கைத் திருப்பூரில் இருக்கும் அவருடைய வாடிக்கையாளரிடம் இறக்கச் சொல்வார். வண்டி தமிழ்நாட்டைத் தாண்டவே இல்லையே என்று உள்ளூர் வரி போட்டுவிடுவார்கள். ஆனால் யார் சொல்லி அனுப்பினோமோ அவர் இருக்கும் இடம்தான் கணக்கு. அது கேரளா, ஆகவே ஐ.ஜி.எஸ்.டி. தவறான தலைப்பில் கட்டியது தெரியவந்தால், சரியான தலைப்பில் திரும்பக் கட்டிவிட்டு முதலில் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். வட்டி கிடையாது, கேட்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும் அதுவரை ஒரே வரி இரண்டு முறை வெளியே போயிருக்கிறது. சம்பள நாளன்று அந்தப் பணம் இல்லாததன் வலி சின்னப் பட்டறைக்குத்தான் தெரியும்.

வண்டி கிளம்பிய பிறகு தெரியவரும் பிழைக்கு மனசு அதிகம் பதறும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000-க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில், அதாவது வண்டியோடு போக வேண்டிய போர்ட்டல் சீட்டு, வேண்டும். "அம்மிணி, வண்டிய நிறுத்திட்டாங்க" என்று ராத்திரி போன் வந்தால், நான் முதலில் கேட்பது "பில் வண்டியில இருக்குதுங்களாண்ணா, இ-வே பில் இருக்குதுங்களா, அதுல என்ன தப்புன்னு சொன்னாங்க?" என்பதைத்தான். 2018 செப்டம்பர் 14-ல் மத்திய வரி வாரியம் வெளியிட்ட 64-ஆம் எண் சுற்றறிக்கையை ஒவ்வொரு டிரைவரிடமும் ஒரு நகல் கொடுத்து வைக்கச் சொல்வேன். பில்லும் இ-வே பில்லும் கையில் இருந்து, பெயரில் எழுத்துப் பிழை ஆனால் ஜி.எஸ்.டி எண் சரி, பின்கோடு தவறு ஆனால் முகவரி சரி, பில் நம்பரில் ஒன்றிரண்டு இலக்கம் மாறிவிட்டது, வண்டி நம்பரில் ஒன்றிரண்டு எழுத்து மாறிவிட்டது, சரக்கு வகையைக் காட்டும் ஹெச்.எஸ்.என் எண்ணில் முதல் இரண்டு இலக்கமும் வரி விகிதமும் சரியாக இருந்து மீதி தவறு, இப்படிப்பட்டவற்றுக்குச் சரக்கைப் பிடித்துவைக்கும் 129-ஆம் பிரிவு நடவடிக்கை கூடாது என்கிறது அது. மத்திய, மாநிலப் பங்குக்கு 500, 500 என்று 1,000 ரூபாய் அபராதத்தோடு விட வேண்டும். பிடித்துவைத்தால் வரியைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டி வரும் என்பதால், இந்த ஒரு தாளின் மதிப்பு பெரியது. தெரியாததால் பணம் கட்டி மீட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரி விகிதம் மாறும் நாட்களும் பிழைக்குப் பேர்போனவை. தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. பம்ப் நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் அந்த மாதம் எத்தனை பில் 12-லேயே போயிருக்கும்! டீலருக்குப் போனது என்றால் 6 சதவீதத்துக்கு டெபிட் நோட் போட்டு வாங்கிவிடலாம், அவருக்கு இன்புட் கிடைக்கும். நேராக விவசாயிக்கு விற்றிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அந்த 6 சதவீதம் விற்றவர் லாபத்திலிருந்துதான் போகும். விகிதம் மாறுகிறது என்ற செய்தி வந்த அன்றே சாஃப்ட்வேரில் ஒவ்வொரு ஐட்டமாகத் திறந்து பார்ப்பது, அலுப்பாக இருந்தாலும், செய்தே ஆக வேண்டிய வேலை.

இவ்வளவும் சரி செய்ய ஒரு கடைசித் தேதி உண்டு: நிதியாண்டு முடிந்த அடுத்த நவம்பர் 30, அல்லது ஆண்டறிக்கை கொடுத்த நாள், இரண்டில் எது முந்தியோ அது. அதற்குப் பிறகு வரியோடு கிரெடிட் நோட் போட முடியாது. வரி இல்லாமல் மதிப்புக்கு மட்டும் போட்டு லெட்ஜரைச் சமன் செய்யலாம், கட்டிய வரி போனதுதான். அதனால்தான் நவம்பரில் எல்லாக் கணக்காளர்களும் பைத்தியம் பிடித்ததுபோல் அலைகிறோம். உண்மையில் ஏப்ரலில் ஒவ்வொரு பார்ட்டியிடமும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன், அதாவது பாக்கி இவ்வளவுதான் என்ற எழுத்து உறுதி, வாங்கிவிட்டால் நவம்பர் இவ்வளவு கொடுமையாக இருக்காது.

இனி சொல்ல வருவதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருப்பது. பில்லில் இருக்கும் சின்னப் பிழையைச் சாக்காக வைத்துப் பணத்தை இழுத்தடிக்கும் பழக்கம். ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம், நான் கணக்குப் பார்க்கும் ஒரு பட்டறையின் பில்லைச் சரக்கு போய் நாற்பது நாளுக்குப் பிறகு திருப்பி அனுப்பியது. காரணம், பி.ஓ (பர்சேஸ் ஆர்டர்) நம்பரில் சாய்வுக்கோட்டுக்குப் பிறகு வருஷம் போடவில்லையாம். புதுத் தேதியில் புது பில் வேண்டுமாம். அந்தத் தேதியிலிருந்து பணத்துக்கு நாள் எண்ணத் தொடங்குவார்களாம். சரக்கு அதற்குள் அவர்கள் இயந்திரத்தில் ஏறி, இயந்திரம் விற்றும் போய்விட்டது. பட்டறைக்காரர், அறுபது வயதுக்காரர், "போட்டுக் குடுத்துருலாம் அம்மிணி, ஆர்டர் போயிரும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். 46-ஆம் விதியில் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது: இரண்டு பக்கத்துப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி எண், பில் நம்பர், தேதி, ஹெச்.எஸ்.என், சரக்கு விவரம், எண்ணிக்கை, மதிப்பு, வரி, கையெழுத்து என்று போகும். பி.ஓ நம்பர் அதில் இல்லை. அது வாங்குபவரின் வசதிக்கானது. கேட்டால் மரியாதையாக ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதற்காக மாதம் தாண்டிய பில்லை ரத்து செய்வது வரிக் கணக்கைத் திரித்துவிடும். அது மட்டுமில்லை. சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், சரக்கில் ஆட்சேபம் இருந்தால் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதிலிருந்து, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வருமான வரியிலும் 43பி (ஹெச்) என்று ஒரு பிரிவு 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது. உத்யம் என்கிற சிறு தொழில் பதிவின் எண்ணை பில்லின் தலையிலேயே அச்சடித்து வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பணம் தாமதமானால் புகார் கொடுக்க, சிறு தொழில் சட்டத்தின்படி அமைந்த கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது, ஆன்லைனிலும் கொடுக்கலாம். ஆனால் போனால் ஆர்டர் நின்றுவிடும் என்ற பயம் பொய்யான பயமில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். புகாருக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. அது கடைசியில்.

பிழையைத் திருத்தும் விஷயத்தில் நீதிமன்றங்கள் நம் பக்கம் மெதுவாக நகர்ந்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஐ.ஜி.எஸ்.டி-யும் உள்ளூர் வரியும் ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் இடம் மாறிப்போன சன் டை கெம் வழக்கில், 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருத்த அனுமதித்தது. கெடு முடிந்துவிட்டது, போர்ட்டல் ஏற்காது என்ற பதிலை அது போதுமானதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021-ல் பார்தி ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 3பி-யைத் திருத்த அனுமதிக்காமல் கதவைக் கொஞ்சம் சாத்தியது. 2025 மார்ச்சில் அபர்டேர் டெக்னாலஜீஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், மனிதத் தவறு இயல்பானது, துறையும் தவறு செய்கிறது, எழுத்துப் பிழையையும் கூட்டல் பிழையையும் திருத்தும் உரிமை தொழில் செய்யும் உரிமையிலிருந்தே வருகிறது என்ற கருத்தைச் சொன்னது. சாஃப்ட்வேர் அனுமதிக்கவில்லை என்பது ஒரு காரணமாகாது என்றும் சொன்னது. அதைப் படித்த அன்று எனக்குத் தெரிந்த கணக்காளர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்த உரிமையைக் கேட்டுப் போகிறவரிடம் முதல் பில், திருத்தம், தேதி எல்லாம் கையில் இருக்க வேண்டும். கிழித்துப் போட்டவருக்குக் காட்ட ஒன்றுமில்லை.

வண்டி கிளம்புவதற்கு முன் என்ன செய்யலாம்? பில் போட்டவர் அல்லாத இன்னொருவர், ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பட்டறையில் அக்காவோ தம்பியோ யாராவது இருப்பார்கள். ஜி.எஸ்.டி எண்ணின் கடைசி நான்கு இடம், எண்ணிக்கை, விலை, மொத்தம். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. புதுப் பார்ட்டி என்றால் எண்ணைப் போர்ட்டலில் போட்டு, வரும் பெயரையும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பழைய பார்ட்டிக்கும் ஏப்ரலில் ஒரு முறை.

பி.ஓ நம்பர் விஷயத்தில் அந்தக் கம்பெனிக்கு அனுப்பியதை இங்கே போட்டுவிடுகிறேன், வேண்டுமானவர்கள் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

"ஐயா, வணக்கம். எங்கள் பில் நம்பர் இன்னது, தேதி இன்னது. இதில் உங்கள் பர்சேஸ் ஆர்டர் நம்பர் முழுமையாக வரவில்லை என்று தெரிவித்தீர்கள். முழு நம்பர் இது. பில்லின் மதிப்பு, எண்ணிக்கை, வரி ஆகியவற்றில் மாற்றமில்லை. இந்த பில் எங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் ஏற்றப்பட்டு உங்கள் 2பி-யில் வந்துள்ளது. ஆகவே ரத்து செய்ய இயலாது. இந்தக் கடிதத்தை பில்லோடு இணைத்துக்கொள்ளவும். சரக்கு உங்களிடம் சேர்ந்த தேதி இது, டி.சி-யில் உங்கள் ஸ்டோர் கையெழுத்து உள்ளது, நகல் இணைத்துள்ளோம். எங்கள் உத்யம் பதிவு எண் இது. இதற்குரிய தொகையைச் சரக்கு சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

மெயிலில் அனுப்பி, அதன் பிரின்டையும் ரெஜிஸ்டர் தபாலில் போட்டோம். ஸ்டோருக்கு ஒன்று, அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று. பணம் அடுத்த பட்டியலிலேயே வந்துவிட்டது, ஆர்டரும் நிற்கவில்லை. கடிதத்தின் நகலைப் பழைய பில்லின் பின்னால் பின் அடித்து வைத்திருக்கிறேன்.